அடுப்படிக்கு ஒரு பெட்டி

உரைவேழம் தணிகாசலத்துக்குத் தன் குரல் பிடிக்கும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. திருச்சி வட்டாரத்தில் பலருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. அவர் நடுவராக உட்காராத பட்டிமன்றம் இல்லை. அவர் வீட்டு பீரோவில் இல்லாத நிறத்தில் பொன்னாடை இல்லை. ‘உரைவேழம்’ என்ற பட்டத்தை ஒரு ஜவுளிக்கடையின் வெள்ளிவிழாவில் கொடுத்தார்கள். யானை எங்கே பேசுகிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் காதில் விழுந்திருக்காது. அவர் ஏற்புரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

கூட்டுறவுத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரே ஒரு குறை. கூடத்தில் உட்கார்ந்து தன் பழைய உரை ஒன்றைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். கைதட்டல் வரப்போகும் கட்டத்தில் மூக்குக்கண்ணாடியை எடுக்கப் படுக்கையறைக்குப் போக வேண்டியிருக்கும். குரல் கூடத்திலேயே தங்கிவிடும். தன் குரல் தன்னோடு அறை அறையாக நடந்து வரவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார்.

அப்படிப்பட்ட ஸ்பீக்கர்கள் அப்போது எல்லார் வீட்டிலும் வந்துவிட்டிருந்தன. அப்போது என்றால் இன்னும் பத்துப் பதினைந்து வருடத்தில் வரப்போகிற அப்போது. பால் பாக்கெட்டை டிரோன் கொண்டுவந்து போடும். காய்கறிக்காரரின் டிரோன் ஜன்னலோரம் நின்று கத்தரிக்காய் விலை சொல்லும். மாடிக்கு மாடி ஏசி எந்திரம் உறுமும். ஊரே ஓயாமல் இரைந்துகொண்டிருந்ததால், பாட்டை விட அமைதிதான் நன்றாக விற்கும் என்று ஸ்பீக்கர் கம்பெனிகள் கண்டுகொண்டன. ஒரு சத்தத்துக்குச் சரியான எதிர்ச்சத்தத்தை அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். எனவே ஒயர் இல்லாத அந்தச் சின்னப் பெட்டிகள் இரண்டு வேலை செய்தன. வேண்டியதை அறைக்கு அறை பாடின. வேண்டாததைச் சுவரிலேயே தின்றன.

எந்த செட்டை வாங்குவது என்பதை முடிவு செய்ய, கருமண்டபத்தில் அவர்களுடைய ஐந்தாவது மாடி வீட்டின் கூடத்தில் ஓர் ஆலோசனை நடந்தது. தணிகாசலம் நாற்காலியில். மகன் இனியன் தரையில், மடியில் டேப்லெட்டோடு. அவன் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். எந்த நாட்டுக்காரனுக்காக என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வான். டீப்பாயின் மேல் செல்பேசி. அதற்குள்ளே, சென்னையிலிருந்து, தணிகாசலத்தின் மைத்துனன் குமரகுரு.

“மாமா, மலிவு செட்டுப் பக்கம் போகாதீங்க. நம்ம வீட்ல இருக்கறது ஜெர்மன் செட்டு. வீணைத் தந்தியில விரல் உரசறது தனியாக் கேக்கும்.”

“நீ எப்போ மாப்ள வீணை கேக்க ஆரம்பிச்ச?”

“கேக்கறதில்லை. கேட்டா கேக்கும்னு சொல்றேன்.”

“மாமா செட்டு விலைக்கு நாம ஒரு கார் வாங்கலாம்ப்பா,” என்றான் இனியன். “இங்க பாருங்க, நாதமனைன்னு ஒண்ணு. ஆடித் தள்ளுபடில நாலு பெட்டி வருது. ஹால், உங்க ரூம், பெட்ரூம், என் ரூம். சரியாப் போச்சு.”

சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது. “என்னங்க, கிச்சனுக்கும் ஒண்ணு சொல்லுங்க.”

“வித்தியாசம் என்னன்னு கேளுங்க மாமா,” என்றான் குமரகுரு. எதையும் விளக்கிச் சொல்லும்போது அவன் குரல் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். “எங்க செட்டு, எந்தச் சத்தம் வேணாம்னு நம்மளக் கேக்கும். நாம சொல்றத மட்டும் அழிக்கும். மலிவு செட்டு கேக்காது. அதுவா முடிவு பண்ணும்.”

“ரூமுக்குள்ள பேசறதயும் அழிச்சிடுமா?” என்றார் தணிகாசலம்.

“சேச்சே. ஒரே ரூம்ல முகத்தப் பாத்துப் பேசினா ஒண்ணும் பண்ணாது. சுவர் தாண்டி வர்றதத்தான் பாக்கும். நீங்க எதுக்குத் திரும்பறீங்க, எதுக்குத் திரும்பலைன்னு ஒரு மாசம் கவனிச்சிட்டு, அப்புறம் அதுவா—”

“அதுவா முடிவு பண்ணினா நமக்கு நல்லதுதானே மாப்ள. இந்த வீட்ல எல்லா முடிவையும் நானே எடுத்து அலுத்துப்போச்சு.”

“என்னங்க, நானும் பாட்டுக் கேப்பேன்ல. அடுப்படிக்கு ஒண்ணு வைங்க.”

தணிகாசலம் “ம்” என்றார். அது மனைவிக்குச் சொன்னதா, மைத்துனனுக்குச் சொன்னதா என்பது அவருக்கே தெரியாது. இனியன் நாலறைத் தொகுப்பின் மேல் விரலை வைத்து அழுத்தினான்.

சமையலறையிலிருந்து பேசியது சுகந்தி. கல்யாணமான நாள் முதல் அவள் அங்கிருந்துதான் கூடத்தோடு பேசிவந்தாள். அந்த வீட்டின் பேச்சு முறையே அதுதான். சாம்பார் கொதிக்கிறது, கேஸ் தீரப்போகிறது, தலை வலிக்கிறது, சாப்பிட வாருங்கள் எல்லாமே ஒரு சுவரைத் தாண்டித்தான் வரும். ஒரே அறையில் இருக்கும்போது அவர்களுக்குள் பேச்சு குறைவு. ஒன்று தொலைக்காட்சி பேசும், அல்லது தணிகாசலம் பேசுவார்.

அவள் கணவனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. “என்னங்க” என்பாள், அவசரமென்றால் “இங்க பாருங்க” என்பாள். ஆஸ்பத்திரியில் கணவர் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்கும் இனியனைப் பார்ப்பாள், அவன் சொல்வான். மனைவி கணவனைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்ற அணிக்குத் தலைமை ஏற்று தணிகாசலம் பல ஊர்களில் பேசியிருக்கிறார். கைதட்டல் பலமாக இருந்தது. வீட்டில் அந்தத் தலைப்பு இன்னும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

பெட்டிகள் வந்தன. சாம்பல் நிறத்தில், கவிழ்த்துவைத்த டம்ளர் அளவில் இருந்தன. ரயில் நிலைய அறிவிப்பாளரின் தங்கை போன்ற ஒரு குரல் கூடத்துப் பெட்டியிலிருந்து பேசியது.

“நாதமனைக்கு நல்வரவு. வீட்டில் உள்ளவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கவும். அழைக்கப்பட்டவர் பதில் கூறவும். அப்பா, அம்மா போன்ற உறவுப் பெயர்களும் ஏற்கப்படும்.”

“இனியா,” என்றார் தணிகாசலம், ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி.

“என்னப்பா.”

“பதிவாகியது.”

இனியன் “அப்பா” என்றான். அவர் “சொல்லுப்பா” என்றார். அதுவும் பதிவாகியது. சுகந்தியைக் கூப்பிட்டார்கள். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பெட்டியின் முன்னால் நின்றாள். போட்டோ எடுக்கப்போவதுபோல ஒருமுறை முந்தானையைச் சரிசெய்தாள்.

“என்னங்க,” என்றாள்.

“மன்னிக்கவும். இந்தப் பெயரில் இவ்வீட்டில் யாரும் இல்லை.”

இனியன் சிரித்தான். சுகந்தியும் சிரித்தாள். இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாக, “என்னங்க” என்றாள். பெட்டி அதே மன்னிப்பைக் கேட்டது.

“பேரத்தான் சொல்லேன்,” என்றார் தணிகாசலம்.

“போங்க. இத்தன வயசுக்கு மேலயா?”

“அம்மா, பால் பொங்குது,” என்றான் இனியன். அவள் ஓடினாள்.

“இவளுக்கு எதுக்கு? இவ என்ன ஆபீஸா நடத்தறா,” என்றார் தணிகாசலம். பிறகு பெட்டியைப் பார்த்து, மேடையில் நேரம் மீறிப் பேசுபவரை உட்காரச் சொல்லும் தொனியில், “தவிர்,” என்றார்.

“தவிர்க்கப்பட்டது. பின்னர் சேர்த்துக்கொள்ளலாம்,” என்றது பெட்டி.

எல்லா வீட்டிலும் ஒரு பின்னர் உண்டு. உடைந்த குடைகளையும் அறுந்த செருப்புகளையும் அங்கேதான் வைப்பார்கள்.

ஒரு மாதத்தில் வீடு வேறு வீடாகிவிட்டது. முதலில் ஏசி எந்திரங்கள் மறைந்தன. பிறகு டிரோன்கள். மேல்வீட்டில் நாற்காலி இழுப்பது, லிப்டின் முனகல், எதிர்வீட்டு மிக்ஸி என்று ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டன. அந்த அமைதியின் நடுவே உரைவேழத்தின் குரல் மட்டும் கூடத்திலிருந்து படுக்கையறைக்கும் அங்கிருந்து அவருடைய அறைக்கும் ஒரு சொல் சிந்தாமல் நடந்தது. வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்துக் காட்டினார். “கேளுங்க, கேளுங்க. ஒண்ணும் கேக்கலைல்ல?” என்பார்.

புரட்டாசிக்குப் பிறகு வீடு இன்னும் அமைதியானதாக அவருக்குத் தோன்றியது. சாப்பாட்டு நேரத்தில் தட்டு தானாக எதிரே வந்து உட்காரும். தண்ணீர் பக்கத்தில் இருக்கும். தொழில்நுட்பத்தின் மேல் அவருக்கு மரியாதை கூடியது.

தீபாவளிக்குக் குமரகுரு வந்தான். அவன் மனைவி தாய்வீட்டுக்குப் போயிருந்ததால் தனியாக வந்தான். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மூன்று ஆண்களும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் சரம் சரமாகக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை, ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் மட்டும் ஊமையாக வெடித்தது. குமரகுருவே அசந்துபோனான். ஆனாலும் ஜெர்மன் செட்டாக இருந்தால் வெடி வேண்டும், புகை மட்டும் வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம் என்பதுபோல ஏதோ ஆரம்பித்தான்.

அப்போது சுகந்தி காபித் தட்டோடு வந்து அவன் முன்னால் நின்றாள்.

“ஏன்டா குரு, கூப்பிட்டா வரமாட்டியா? நீயும் இந்த வீட்டு ஆம்பளை ஆயிட்டியா?”

“நீ எப்பக்கா கூப்பிட்ட?”

“எத்தன தடவ. குரு, காபி ஆறுது, குரு, காபி ஆறுதுன்னு. இவங்களத்தான் கூப்பிடறத விட்டுட்டேன். நீ விருந்தாளியாச்சேன்னு கூப்பிட்டேன்.”

குமரகுரு காபியை வாங்கவில்லை. தலையைத் திருப்பி மூலையிலிருந்த பெட்டியைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த ஜெர்மன் களை மெல்ல இறங்கியது.

“அக்கா, நீ கிச்சனுக்குப் போ. போயி என்னக் கூப்பிடு.”

“இதென்னடா விளையாட்டு?”

“போக்கா, சொல்றேன்.”

அவள் தட்டை வைத்துவிட்டுப் போனாள். மூன்று பேரும் கேட்டார்கள். நல்ல அமைதி. விளம்பரத்தில் சொன்னபடியே இருந்தது. தணிகாசலத்துக்குத் தன் மூச்சு கேட்டது. இனியனின் விரல் டேப்லெட்டில் உரசுவது கேட்டது. வீணை இருந்திருந்தால் அதுவும் கேட்டிருக்கும்.

சுகந்தி சமையலறை வாசலில் வந்து நின்றாள். “கேட்டுச்சா?”

தணிகாசலம் இனியனைப் பார்த்தார்.

“கூப்பிட்டியா?” என்றான் குமரகுரு.

“கூப்பிட்டேனே. உன்ன, இனியன, எல்லாரையும்.”

“இந்தச் சனியன் உன் குரல அழிச்சிருக்குக்கா.”

தணிகாசலம் எழுந்தார். “அது எப்படி மாப்ள? மெஷினுக்கு மனுஷக் குரல் தெரியாதா?”

“தெரியாது மாமா. அதுக்குப் பேச்சு வேற, சத்தம் வேறன்னு தெரியாது. யாராவது திரும்பினா, பதில் சொன்னா, எழுந்து போனா அது பேச்சு. யாரும் திரும்பலைன்னா சத்தம். அவ்வளவுதான் அதோட அறிவு. ஒரு மாசம் பாத்திருக்கு. ஏசி கத்துச்சு, யாரும் திரும்பல. மிக்ஸி கத்துச்சு, யாரும் திரும்பல.” அவன் அத்தோடு நிறுத்திக்கொண்டான்.

“நான் எப்பவும் ‘ம்’னு சொல்வேன்,” என்றார் தணிகாசலம்.

“‘ம்’மைப் பதில்ல சேக்காது மாமா.”

“அத எப்படி இப்போ திருத்தறது?” என்று கேட்டான் இனியன். அவன் குரல் சின்னப் பையனுடையதுபோல் ஆகியிருந்தது.

“அக்கா கூப்பிடறப்போ பதில் சொல்லுங்க. அதுவா கத்துக்கும்.”

“கேக்காம எப்படி மாமா பதில் சொல்றது?”

“கேட்டப்போ எப்படிச் சொன்னீங்க?”

சுகந்தி இதையெல்லாம் வாசலில் நின்றபடி கேட்டாள். வேறு யாரோ ஒருத்தியின் மருத்துவ அறிக்கையை வாசிக்கக் கேட்பவள்போல முகத்தை வைத்திருந்தாள். “ஓ,” என்றாள். பிறகு, “எண்ணெய் காயுது,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

குமரகுரு பின்னாலேயே போனான். தணிகாசலமும் போனார், ஆனால் சமையலறை வாசலோடு நின்றுவிட்டார். எந்த மேடையிலும் அவர் இப்படி ஓரமாக நின்றதில்லை.

“எவ்வளவு நாளாக்கா இப்படி?”

“எது?”

“நீ கூப்பிட்டு யாரும் வராதது.”

சுகந்தி வடையை எண்ணெயில் திருப்பிவிட்டாள். “கல்யாணமானதுலேர்ந்து.”

“நான் மெஷினைப் பத்திக் கேக்கறேன்.”

“நானும் அதத்தான் சொல்றேன். மெஷின் வந்தப்புறம் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலடா.”

வடை ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அவள் தம்பிக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, சூடு தாங்காமல் கை மாற்றிக்கொண்டே நின்றான்.

“அப்போ ஏன் கூப்பிடறத விட்ட?”

“புரட்டாசில ஒரு நாள் துணி எடுக்கப் பின்பக்கம் பால்கனிக்குப் போனேன். காத்துல கதவு அடிச்சு, உள்பக்கத் தாழ்ப்பா அதுவா விழுந்துடுச்சு. போன் இந்த மேடைல கிடக்கு. கூப்பிட்டேன்.”

“ரொம்ப நேரமா?”

“வெயில் இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிக்குப் போச்சு.”

“கீழ யாரையாவது கூப்பிட வேண்டியதுதானே.”

“எப்படிடா? வீட்டுக்குள்ள ரெண்டு பேர் இருக்கறப்போ வெளி ஆளக் கூப்பிட்டா ஊர் என்ன நினைக்கும்? அவரு நாலு பேர் மதிக்கிற மனுஷன்.”

“மாமா என்ன பண்ணிட்டிருந்தார்?”

“ஏதோ லேடீஸ் காலேஜ்ல பேசறதுக்கு ஒத்திகை. பேசிப் பதிவு பண்ணி எல்லா ரூம்லயும் போட்டுக் கேட்டுட்டிருந்தார். எனக்கு பால்கனி வரைக்கும் தெளிவாக் கேட்டுச்சு. அடுப்படியிலிருந்து வரும் அந்த மெல்லிய குரலுக்குச் செவி கொடுங்கள்னு ஒரு இடம் வருது பாரு. அது நல்லாருந்துச்சு.”

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் வாசலில் நின்றவருக்குத் தாங்கவில்லை.

“யார் திறந்தா?”

“இனியன். டி-ஷர்ட் எடுக்க வந்தான். ‘இங்கயா இருக்க, காபி இருக்கா’ன்னான். போட்டுக் குடுத்தேன். அவன் என்ன செய்வான், மீட்டிங்ல இருந்தான். அன்னிலேர்ந்து கூப்பிடறதில்ல. நேரா வந்து தட்ட வச்சிடறது. தொண்டைக்கும் நல்லாருக்கு.”

தணிகாசலம் வாயைத் திறந்தார். எந்தத் தலைப்பிலும் மூன்று கருத்தைச் சொல்லி நான்காவதில் கைதட்டல் வாங்கக்கூடியவர். “சுகந்தி, எனக்குக் கேக்கல,” என்றார்.

“தெரியுங்க.”

“மெஷின்தான்…”

“தெரியுங்க. தள்ளி நில்லுங்க, எண்ணெய் தெறிக்கும்.”

குமரகுரு கண்ணைத் துடைத்துக்கொண்டான். வடையின் சூடுதான் காரணம் என்பதுபோல ஊதினான். “உங்க செட்டத் தூக்கிப் போடச் சொல்றேன்க்கா. நான் ஒரு நல்ல செட்டு வாங்கி அனுப்பறேன். எங்க வீட்ல இருக்கே, கேட்டுத்தான் அழிக்கும்.”

“உங்க வீட்ல என்ன அழிச்சிருக்கீங்க?”

“மேல்வீட்டு நாய்.” வடையை ஒரு கடி கடித்தான். “அப்புறம் என் மாமியார்.”

சுகந்தி சிரித்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அது. சமையலறையில் பெட்டி இல்லாததால் முழுசாகக் கேட்டது.

“எனக்குப் பெரிய செட்டெல்லாம் வேணாம்டா. இதே மாதிரி ஒண்ணே ஒண்ணு வாங்கிக் குடு. இந்த மேடைல வச்சுக்கறேன். பாட்டுக் கேக்கணும்.”

“இந்தச் சனியனா? இது கேக்காம அழிக்கும்க்கா.”

“அதான் எனக்கும் நல்லது. எத அழிக்கன்னு என்னக் கேட்டா எனக்குச் சொல்ல வாய் வராது.”

அன்று மாலையே தணிகாசலம் நான்கு பெட்டிகளையும் பிடுங்கி, வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டுப் பரணில் ஏற்றினார். ஊர் மொத்தமும் வீட்டுக்குள் வந்து விழுந்தது. வெடி, டிரோன், லிப்ட், நாற்காலி, எதிர்வீட்டுக் குக்கர் எல்லாம் வந்தன. இனியன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தான்; அது அவனுடைய பிராயச்சித்தம்.

தணிகாசலம் சமையலறையைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அந்த ஒரு சொல் வரட்டும் என்று காத்திருந்தார். ‘என்னங்க’வின் முதல் எழுத்து காற்றில் ஏறும்போதே எழுந்துவிடத் தயாராக இருந்தார். எதிரணியின் வாதத்தைக்கூட அவர் இப்படிக் கவனித்ததில்லை. குழாயில் தண்ணீர் விழுவது, கரண்டி வைப்பது, டப்பா மூடுவது என்று எல்லாவற்றையும் கேட்டார். அவள் காய் நறுக்கும்போது நடுநடுவே நிறுத்திக் கையை உதறுவாள் என்பதைச் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டார். எத்தனை வருடமாகக் கை வலிக்கிறதோ, தெரியவில்லை.

குரல் மட்டும் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் வந்து தட்டை வைப்பாள், போவாள்.

“நீ பழையபடி கூப்பிடேன்,” என்றார் ஒரு நாள்.

“எதுக்கு? அதான் நீங்க இங்கயே பாத்துட்டு உக்காந்திருக்கீங்களே.”

“கூப்பிட்டா வருவேன்.”

“சரிங்க,” என்றாள். கூப்பிடவில்லை. கோபமெல்லாம் இல்லை. நடக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிப் பல நாள் உட்கார்ந்துவிட்டவனை எழுந்திரு என்றால் கால் எங்கே இருக்கிறது என்று தேடுவானே, அப்படித்தான் இருந்தது.

அவருக்கு ஒரு கூட்டம் வந்தது. தொண்டை சரியில்லை என்று சொல்லிப் போகாமல் இருந்தார். பொய் சொன்னாலும் உறுப்பைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்.

குமரகுரு அனுப்பிய பெட்டி ஒரு முற்பகலில் வந்தது. டிரோன் அதைச் சமையலறை ஜன்னலிலேயே நேராகக் கொடுத்துவிட்டுப் போனது. தணிகாசலம் கூடத்தில், வழக்கமான நாற்காலியில், ‘என்னங்க’வுக்காகக் காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தார். தெருவில் யாரோ யாரையோ விலாசம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டில் தேங்காய் உடைத்தார்கள்.

“தணிகாசலம்,” என்று யாரோ கூப்பிட்டார்கள்.

அவர் நிமிர்ந்தார். பெண் குரல். அவரை அப்படி வெறும் பெயரில் கூப்பிட ஊரில் யாரும் இல்லை. மேடையில் கூப்பிட்டால் முன்னால் யானை இருக்கும். வெளியே கூப்பிட்டால் பின்னால் ஐயா இருக்கும். அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. வாசலில் கூரியர்க்காரப் பெண்ணாக இருக்கும் என்று நினைத்தார்.

“தணிகாசலம்.”

கொஞ்சம் கூச்சப்பட்ட குரல். புதுச் செருப்பைப் போட்டுப் பார்ப்பதுபோலப் பெயரை ஒவ்வோர் எழுத்தாக வைத்துப் பார்த்தது. அவர் எழுந்துபோய் வாசற்கதவைத் திறந்தார். தாழ்வாரத்தில் யாருமில்லை. லிப்ட் கீழே நின்றுகொண்டிருந்தது. படிக்கட்டை எட்டிப் பார்த்தார்.

மூன்றாம் முறை அது முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. வீட்டுக்குள்ளிருந்து.

அவர் கதவைப் பிடித்தபடியே திரும்பினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தன் பெயரை அவர் அந்தக் குரலில் கேட்டதில்லை. அது இவ்வளவு சின்னப் பெயராக இருக்கும் என்று அவர் நினைத்ததும் இல்லை.

சமையலறையில் ரயில் நிலைய அறிவிப்பாளரின் தங்கை பேசினாள். “அழைக்கப்பட்டவரிடமிருந்து பதில் இல்லை. மீண்டும் அழைக்கிறீர்களா, தவிர்க்கலாமா?”

தணிகாசலம் வாயைத் திறந்து மூச்சை இழுத்தார்.

“தவிர்,” என்றாள் சுகந்தி.

“தவிர்க்கப்பட்டது.”

பாட்டு ஆரம்பித்தது. ஏதோ பழைய பாட்டு. அவளுக்கு அது பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாது.

“இதோ இருக்கேன்,” என்றார் தணிகாசலம் வாசலிலிருந்தே. மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை போய்ச் சேரும் குரல். நடுவில் ஒரே ஒரு சுவர். “சுகந்தி. இங்கதான் இருக்கேன்.”

பெட்டி அதைக் கேட்டிருக்கும். யாராவது திரும்புகிறார்களா என்று பார்த்திருக்கும்.